கால்வாய்க் கரையில் நம்மவர் சரித்திரம்

ஈப்போவிலிருந்து வடக்கே ரெயிலேறிச் செல்வோர், தைப்பிங்கைக் கடந்த சிறிது நேரத்தில், இருமருங்கும் நீர் பரந்த ஓர் ஏரியின்மீது வண்டி ஓடக் காண்பர். அதுவே புக்கிட் மேரா. இயற்கையாய் அமைந்த ஏரி என்றே பலரும் எண்ணிக் கடந்துவிடுகின்றனர். அஃது அவ்வாறன்று, குராவ் ஆற்றை அணையிட்டுத் தடுத்து, 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற நீர்த்தேக்கமாகும். அதினின்றும் புறப்படும் கால்வாயே கிரியான் ஜில்லாவின் உயிர்நாடி. அக்கால்வாய் நீரால் வாழும் பாகான் செராய் என்னும் சிற்றூரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

ஆங்கில நாட்டிலும் கால்வாய்க் கரைச் சிற்றூர்கள் பல உண்டு. 1761-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் மாஞ்செஸ்டர் நகருக்கு நிலக்கரி கொணர்ந்தது. பின்னர் ரெயில் வந்தது, சரக்கெல்லாம் அதன்பால் சென்றது, கால்வாய்கள் வறுமையெய்தின. கிரியான் கால்வாயின் கதை வேறு. அது சுமப்பது நீர் ஒன்றையே. நெல்லுக்கு நீர் தரும் தொழிலை எந்த ரெயிலும் அதனிடமிருந்து பறிக்க இயலாது. ஆகவே அது இன்றளவும் செல்வாக்குடன் ஓடிக்கொண்டிருக்கின்றது.

மலாய் மொழியில் 'பாகான்' என்பது படகுத்துறை. 'செராய்' என்பது எலுமிச்சைப்புல். அந்நாளில் இப்பகுதி கடலோரச் சதுப்பு நிலம். மலாய்க்காரரும், போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் மக்களும் காட்டை வெட்டித் திருத்தி நெல் விதைத்தனர். மழை பொய்த்த ஆண்டில் விளைவும் பொய்த்தது. கால்வாய் வந்தபின், ஏறத்தாழ 70,000 ஏக்கர் நிலம் பாசனத்துக்குரியதாயிற்று. மலாயாவின் முதற்பெரும் பாசனத் திட்டம் இதுவே.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். தமிழர் கிரியானுக்கு இரு வழிகளில் வந்தனர். ஒரு சாரார், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கொணரப்பட்டவர். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கினால் சிறைவாசம். நோயால் மாண்டவரும் பலர். மற்றொரு சாரார் குடியானவராய் வந்தவர். 1880-களில் ஃபே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பாகான் செராயில் குடியமர்த்தி நெற்பயிர் செய்வித்தார். அவரே பின்னர் 1896-இல் மலாக்கா மேற்றிராணியாரானவர்.

இரு சாராரும் ஒரே மொழி பேசினர். ஒரே சேற்றில் கால் வைத்தனர். ஆயினும் ஒருவன் கையிற் கரும்பு வெட்டும் கத்தி. மற்றவன் கையில் நாற்றுமுடி. ஒருவன் கங்காணியின் குரல் கேட்டு எழுந்தான். மற்றவன் வானத்தையும் வாய்க்காலையும் பார்த்து எழுந்தான்.

1910-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய அக்காலத்திலேயே கரும்பு நலிந்து ரப்பர் தழைத்தது. பல்லாண்டுகள் கழித்து ரப்பரும் வீழ, செம்பனை அதனிடத்தைக் கைக்கொண்டது. பயிர் மாறுந்தோறும் லயத்து மக்கள் மூட்டை கட்டினர். கரும்புத் தோட்டத்தில் உழைத்தோர்க்கு இன்று ஒரு கல்லறையேனும், ஒரு பெயர்ப் பலகையேனும் உண்டோ? நெல்லோ மாறவில்லை. கால்வாய் ஓடும் காலமெல்லாம் வயல் இருந்தது. வயல் இருந்த காலமெல்லாம் அதனை உடையவனுக்கு ஊர் இருந்தது.

யான் ஒரு தோட்டத்துக் கிராணி. நாள்தோறும் செக்ரோல் எழுதுபவன். ஒருவன் எத்தனை நாள் உழைத்தான், எவ்வளவு கூலி பெற்றான் என்பனவெல்லாம் அதில் உண்டு. அவன் பாட்டன் எத்தோட்டத்தில் மாண்டான், அவன் பிள்ளை எங்கே குடியேறும் என்பவற்றுக்கு அதில் கட்டமே இல்லை. என் கையெழுத்திலேயே அக்குறையைக் கண்டு பன்முறை நாணியிருக்கின்றேன். ஆங்கில நாட்டுக் கால்வாயைப் பள்ளிப் புத்தகத்திற் படித்து ஒப்பித்த யான், நம் மாநிலத்துக் கால்வாயைப் பற்றி முப்பது வயது கடந்த பின்னரே விசாரித்தேன்.

அன்பர்களே! கிரியான் புகட்டும் பாடம் இரண்டு. உழைப்பு மட்டும் ஒருவனை ஓர் ஊருக்கு உரியவனாக்குவதில்லை. உழைத்த இடத்தில் அவனுக்கு ஓர் அடி நிலமேனும் இருத்தல் வேண்டும். ஆதலின் மிகுதிப்படும் வெள்ளியை வீண் ஆடம்பரத்திற் செலவிடாது, சிறு வீட்டிற்கேனும் காணிக்கேனும் முதலாக்குங்கள். இரண்டாவது, சரித்திரம் தானாக எழுதப்படுவதன்று. உங்கள் தோட்டத்து முதியோரிடம் இன்றிரவே சென்று அமருங்கள். அவர்கள் சொல்லும் ஊர்களையும் பெயர்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். செக்ரோலில் இல்லாத கட்டத்தை நாமே வரைந்துகொள்வோம்.