மணல் டாலர் பிறந்த கதை

டிஜிட்டல் பணம் என்றதும் பலருக்கு பிட்காயின்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு நாட்டின் மத்திய வங்கியே வெளியிட்டு, நாடு முழுக்கச் சில்லறைப் புழக்கத்துக்கு விட்ட முதல் டிஜிட்டல் பணம் பிறந்ததற்குக் காரணம் கடலும் படகும்.

பஹாமாஸில் சுமார் 700 தீவுகள். ஆள் குடியிருப்பது அவற்றில் முப்பதில்தான். தலைநகர் நசாவிலிருந்து மற்ற தீவுகளுக்கு ரொக்கம் போக வேண்டுமானால் விமானத்திலோ படகிலோ ஏற்றியாக வேண்டும். சில நூறு பேர் வாழும் தீவில் கிளை நடத்துவது எந்த வங்கிக்கும் கட்டுப்படியாகாது. சின்னத் தீவுகளில் கிளைகள் மூடப்பட்டபோது, அங்கிருந்தவர்கள் பணம் போடவும் எடுக்கவும் தீவு விட்டுத் தீவு போக வேண்டியதாயிற்று.

ஆளுநர் ஜான் ரோல் தலைமையிலான மத்திய வங்கி இதற்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்த வேளையில், 2019 செப்டம்பரில் டோரியன் புயல் அபாக்கோ, கிராண்ட் பஹாமா தீவுகளைப் புரட்டிப் போட்டது. வங்கிக் கட்டடம் இடிந்தால் நோட்டுக்கு வழியில்லை. கைபேசிக் கோபுரம் சாய்ந்தால் டிஜிட்டல் பணத்துக்கும் வழியில்லை. அதனால், இணைப்பு அறுந்த நேரத்திலும் ஒரு வரம்புக்குள் பணம் கைமாற வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று எக்சூமா தீவில் வெள்ளோட்டம் தொடங்கியது. அடுத்து அபாக்கோ. 2020 அக்டோபர் 20 முதல் நாடு முழுவதும். அந்தக் கடற்கரைகளில் கிடைக்கும் தட்டையான, வட்டமான கடலுயிரி ஒன்றின் பெயரையே பணத்துக்கும் வைத்தார்கள்: சாண்ட் டாலர், அதாவது மணல் டாலர்.

ஒரு சாண்ட் டாலர் என்பது ஒரு பஹாமாஸ் டாலர்தான். நோட்டுக்கு எப்படி மத்திய வங்கி பொறுப்போ, இதற்கும் அப்படியே. இந்தப் பணத்தை வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் பணப்பையான வாலட்டை மக்களிடம் சேர்ப்பது உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள். வங்கிக் கணக்கே இல்லாதவரும், அடையாளச் சான்று காட்டாமல், 500 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். வட்டி கிடையாது, இருப்புக்கும் உச்சவரம்பு உண்டு. இரண்டும் வேண்டுமென்றே வைத்தவை. மக்கள் தங்கள் சேமிப்பையெல்லாம் இதற்கு மாற்றிவிட்டால், வங்கிகள் கடன் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்?

இத்தனை யோசித்துச் செய்தும், ஆண்டுகள் சென்ற பிறகும் புழக்கத்திலிருந்த மொத்தப் பணத்தில் இதன் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கடைக்காரர் வாங்கினால்தான் வாடிக்கையாளர் வைத்துக்கொள்வார். வாடிக்கையாளர் நீட்டினால்தான் கடைக்காரர் வாங்குவார். வங்கிகளுக்கோ இதைப் பரப்புவதில் பெரிய ஆதாயம் இல்லை. வணிக வங்கிகள் சாண்ட் டாலரைக் கட்டாயம் வழங்க வேண்டும் என விதி கொண்டுவரப்போவதாக 2024இல் ஆளுநர் ரோல் அறிவித்தார்.

ரொக்கத்தைக் கடல் கடத்தும் செலவு மத்திய வங்கியை உறுத்தியது. பையில் ரொக்கம் இருந்தவருக்கோ அந்தச் செலவு கண்ணிலேயே பட்டதில்லை. நோட்டைவிட இது எனக்கு என்ன கூடுதலாகத் தருகிறது என்று அவர் கேட்பது நியாயம்தான். அடுத்து டிஜிட்டல் பணம் வெளியிடப்போகும் எந்த மத்திய வங்கியும், தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அவருக்கான பதிலைத் தேடிக்கொள்வது நல்லது.