கண்டிமாநகர்த் தேவாலயங்கள்

இலங்கை மலைநாட்டில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் வாவிக்கரை நகராய் விளங்குவது கண்டி. ஆண்டுச் செல்லும் சைவ யாத்திரிகர் பலர் வாவியையும் தலதா மாளிகையையும் கண்ட அளவில் மீள்வர். மாளிகைக்கு அணித்தாயுள்ள நாத, விட்டுணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களிற் புகுவார் சிலரே. சைவர்க்கு ஆராயத்தக்க பொருள் மிக்கிருப்பது இவற்றின்கண்ணேயாம்.

வாவி தொன்மையுடையதன்று. கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807-இல் வயல்நிலத்தில் அணைகோலி அமைத்தது. குடிகளை வருத்தி வேலைகொண்டமையின் அஃது அவனுக்குப் பழியையே ஈட்டியது. 1815-இல் ஆங்கிலேயரால் அரசிழந்து, வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து, 1832-இல் இறந்தான். 1739-இல் தொடங்கிய நாயக்கர் மரபு அவனோடு முடிந்தது.

அம்மரபில் ஓங்கிய புகழுடையோன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747-1782). பிறப்பாற் சைவனாகிய இவனே 1753-இல் சீயதேயத்துப் பிக்குகளை வருவித்து, அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீள நிறுவினான். ஆயினும் 1760-இல் இவனைக் கொல்லச் சதி செய்தோர் கூறிய குறைகளுள், திருநீறணிதலை விடாமையும் ஒன்றென்ப. சங்கத்தை உயிர்ப்பித்தவனுக்கு நீறே குற்றமாயிற்றுப் போலும்!

முன்னர்த் தேவர்க்கே உரியதாயிருந்த ஆடிப் பெரகராவில், தந்ததாது முற்செல்ல நாற்றேவாலயங்கள் பின்தொடர முறைவகுத்தவனும் இவனே. ஆண்டு 1775 என்ப. அவ்விழாவின் தொடக்கத்தே பால்வடியும் மரத்தின் கால் தேவாலயங்களில் நடப்படும். இறுதியில் கெட்டம்பேயில் மகாவலி நீரை வாளால் வெட்டிக் குடத்தில் முகந்து, மறு ஆண்டுவரை காப்பர். கொடியேற்றமும் தீர்த்தவாரியும் கண்டு பழகியோர்க்கு இவை புதியனவாகத் தோன்றா.

நாதன் என்னும் பெயர்கொண்டு நாத தேவாலயத்தைச் சிவபிரான் கோயிலென்பாருமுளர். அது பொருந்தாது. ஆண்டுள்ளவன் மகாயான பௌத்தர் போற்றும் அவலோகிதேசுவரன். 14-ஆம் நூற்றாண்டினதாகிய அக்கற்றளி திராவிடச் சிற்பநெறியினது. கண்டியரசர் பட்டப்பெயர் பெற்ற இடமுமாம். சிற்பநெறி நமதாகலின் தெய்வமும் நமதென்றல் பிழை. நகர்க்கு அயலதாகிய கடலாதெனிய விகாரையை 1344-இல் கட்டினோன் கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பி. அதுபற்றி அது சிவாலயமாகிவிடாது.

கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் நிலை வேறு. கதிர்காமத் தேவன் ஊர்வலத்தில் இன்றும் காவடியாட்டம் உண்டு. கடல்சூழ் இலங்கைக் கயவாகு கண்ணகிக்கு விழாவெடுத்ததைச் சிலப்பதிகாரம் கூறும். கஜபாகுவைப் பத்தினி வழிபாட்டோடு தொடர்புறுத்திச் சிங்களரும் கூறுவர். இவ்விரண்டிடத்தும் முருகனையும் கண்ணகியையும் கருதி வணங்குதற்கு யாத்திரிகர் ஐயுற வேண்டுவதில்லை.