தண்டவாளத்துக்கு நஷ்டஈடு வந்தது: மலாயா ரயிலும் தமிழனும்

ஓடைப்பட்டியில இருந்து பேசுறேன். பின்னாடி மோட்டார் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, பக்கத்துல திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணி பாயுது.

இன்னிக்கு எபிசோட் மலேசியாவோட ரயில் பாதைகளைப் பத்தி. ஆனா நான் போடியில இருந்துதான் ஆரம்பிக்கணும். அதுக்குக் காரணம் இருக்கு.

2023 ஜூன் 15-ஆம் தேதி போடிநாயக்கனூருக்கு மறுபடி ரயில் வந்துச்சு. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையா மாத்தணும்னு 2010 கடைசியில நிறுத்தினாங்க. வேலை முடிஞ்சு தேனி வரைக்கும் ரயில் வரவே 2022 மே மாசம் ஆயிடுச்சு. பன்னிரண்டு வருஷம் தண்டவாளம் இல்லாத ஸ்டேஷன். நம்ம செட்டு எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும்.

தெரியாத கதை ஒண்ணு இருக்கு. இந்தப் பாதை காணாமப் போனது அது முதல் தடவை இல்ல. ஏலக்காயும் மலைச்சரக்கும் இறங்கி வர்றதுக்காக 1928-ல் பிரிட்டிஷ்காரங்க போட்ட பாதை இது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துட்டாங்க. போருக்கு இரும்பு வேணும், வருமானம் குறைவான கிளைப் பாதைகள்ல கை வை, அவ்வளவுதான் கணக்கு. திரும்பப் போட்டது 1950-களில், நாடு சுதந்திரம் வாங்கின பிறகு.

இதைப் படிச்சப்போ, இதே மாதிரி வேற எங்கயாவது நடந்திருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். மலாயாவுல நடந்திருக்கு. அதே போர், அதே மீட்டர்கேஜ். ஆனா அங்க கழற்றினது ஜப்பான்காரங்க. அந்தத் தண்டவாளம் போன இடத்துக்கு ஆயிரக்கணக்கான தமிழர்களும் போனாங்க.

முதல்ல அந்தப் பாதை எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி ஓடியது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை, வெறும் 13 கிலோமீட்டர். ஈயத்தைக் கப்பல்ல ஏத்தணும், அதுக்காகத்தான். அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படைங்கற தொழிலாளர் அணியைக் கூட்டிட்டு வந்தாங்க. அடுத்த வருஷமே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் இன்னொரு பாதை. கவனிச்சீங்கன்னா எல்லாமே சுரங்கத்திலிருந்து கடலுக்குப் போற சின்னச் சின்னக் கோடுகள். ஊரை ஊரோட இணைக்கணும்கிறது அப்போ நோக்கமே இல்ல.

இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல ரப்பர் வந்ததும் கதை மாறுது. தனித்தனிப் பாதைகளை ஒரே நிர்வாகத்துக்குக் கீழ கொண்டு வந்து, வடக்கே பிறையிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை 1909-க்குள்ள இணைச்சாங்க. 1918-ல் பாடாங் பெசாரில் சயாம் ரயிலோட இணைப்பு. 1923-ல் ஜொகூர் பாலத்தின் மேல் சரக்கு ரயில் சிங்கப்பூருக்குள்ள போயிடுச்சு. 1931-ல் காடு, மலை, ஆறு எல்லாம் தாண்டி கெமாஸிலிருந்து தும்பாட் வரை கிழக்குக் கரைப் பாதை முடிஞ்சது. அம்பது வருஷத்துக்குள்ள ஒரு நாட்டுக்கே முதுகெலும்பு போட்டுட்டாங்க.

போட்டது யாரு? காட்டை வெட்டி, மண்ணை அணைச்சு, ஜல்லி கொட்டினதுல பெரும்பங்கு தமிழ் ஆட்கள். ரப்பர் தோட்டம், பொதுப்பணித் துறை ரோடு, ரயில்வே, இந்த மூணு இடத்துலயும் நம்ம ஆட்கள்தான். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலீஷ் படிச்ச தமிழர்கள் போனாங்க. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் இன்னிக்கும் தமிழ் கேக்குதுன்னா, அங்க இருந்த ரயில்வே குடியிருப்பும் பட்டறையும் அதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இங்கிருந்து ஆள் எடுத்தது கங்காணி முறையில. தோட்டத்துல வேலை பார்க்கிற ஒருத்தர் சொந்த ஊருக்கு வந்து, சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு பேசி, முன்பணம் கொடுத்து, நாகப்பட்டினத்துல கப்பல் ஏத்துவார். கம்பம் பள்ளத்தாக்குல இருக்கிறவங்களுக்கு கங்காணின்னா என்னன்னு நான் விளக்க வேண்டியதில்ல. விடியக்காலையில ஜீப்புல நெருக்கியடிச்சு மலையேறி ஏலத் தோட்டத்துக்குப் போறவங்க வாயில இன்னிக்கும் இருக்கிற வார்த்தை அது. மலாயாவுக்கு அப்படி ஆள் அனுப்புறதை 1938-ல் இந்திய அரசு தடுத்து நிறுத்துச்சு. ஆனா அதுக்குள்ள லட்சக்கணக்கானவங்க அங்க குடும்பமா இருந்தாங்க.

இப்போ போருக்கு வருவோம். 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சுல ரங்கூன். பர்மாவுல இருக்கிற ஜப்பான் படைக்குச் சோறும் தோட்டாவும் போகணும். மலாக்கா நீரிணை வழியா கப்பல்ல அனுப்பினா நேச நாட்டு நீர்மூழ்கிகள் அடிக்கும். அதனால தரை வழியா ஒரு ரயில் பாதை. சயாமில் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்புசயாத் வரை 415 கிலோமீட்டர். முன்னாடி பிரிட்டிஷ்காரங்களே யோசிச்சுப் பார்த்து, இந்தக் காட்டுலயும் மலையிலயும் முடியாதுன்னு விட்ட வழி அது.

இங்க ஒரு எஞ்சினியரா எனக்குப் பட்ட விஷயத்தைச் சொல்லிடறேன். மலாயா, சயாம், பர்மா, மூணு இடத்துலயும் தண்டவாள இடைவெளி ஒரே அளவு, ஒரு மீட்டர். அதனால ஒரு நாட்டுப் பாதையைக் கழற்றி இன்னொரு நாட்டுல மாட்டினா அப்படியே பொருந்தும். ஜப்பானோட சொந்த அளவு 1,067 மில்லிமீட்டர். அவங்க கொண்டு வந்த சி56 எஞ்சின்களைத்தான் மீட்டர்கேஜுக்கு மாத்த வேண்டியிருந்தது. ஒரே ஸ்டாண்டர்ட் இருந்தா எல்லாம் சுலபம்னு எங்க தொழில்ல அடிக்கடி சொல்லுவோம். யாருக்குச் சுலபம்னு கேக்க மாட்டோம். இங்க அந்த ஸ்டாண்டர்ட்தான் கொள்ளையைச் சுலபமாக்குச்சு. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில மெந்தகாபுக்கும் குவாலா கிராய்க்கும் நடுவுல இருந்த தண்டவாளத்தை உருவி, இந்தப் புதுப் பாதைக்குக் கொண்டு போனாங்க.

தண்டவாளம் போன வழியில ஆட்களும் போனாங்க. போரினால ரப்பர் ஏற்றுமதி நின்னு, தோட்டத்துல வேலையில்ல, அரிசியில்ல. "மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு டாலர் கூலி"ங்கற மாதிரி ஆசை காட்டினாங்க. கொஞ்சப் பேர் போனாங்க. போனவங்க திரும்பி வரலைன்னு தெரிஞ்சதும் மத்தவங்க போக மறுத்தாங்க. அப்புறம் லாரி வந்து ஆளைப் பிடிச்சுட்டுப் போச்சு.

மொத்தம் எத்தனை பேர்? 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அங்க வேலை செஞ்சாங்க, அதுல 12,000-க்கும் மேல இறந்தாங்க. ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000 பேருக்கும் மேல, இறந்தவங்க 90,000 வரை இருக்கலாம்ங்கறது பரவலா சொல்லப்படுற மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேல போனாங்க, பெரும்பாலானவங்க தமிழர்கள். 1943 மழைக்காலத்துல காலரா வந்தப்போ கைதிகள் முகாம்ல அவங்க ராணுவ டாக்டராவது இருந்தார், கொதிக்க வச்ச தண்ணிதான் குடிக்கணும்னு கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமா வந்தவங்களுக்கு டாக்டரும் இல்ல, அப்படி நடத்த ஒரு அமைப்பும் இல்ல. 1943 அக்டோபர் 17-ஆம் தேதி ரெண்டு பக்கத்துப் பாதையும் சந்திச்சது. வேலை முடிஞ்சது.

போர் முடிஞ்ச பிறகு நடந்ததுதான் இந்த எபிசோடை நான் பண்ணக் காரணம். சயாமுக்குள்ள இருந்த பாதையை 1946-ல் பிரிட்டிஷ்காரங்க தாய்லாந்து அரசுக்கு 12,50,000 பவுனுக்கு வித்தாங்க. அந்தப் பணம் எதுக்கு? மலாயா, பர்மா, டச்சு இந்தியா ரயில்வேக்கள்ல இருந்து திருடின தண்டவாளத்துக்கும் தளவாடத்துக்கும் ஈடு கட்ட. அதாவது இரும்புக்குக் கணக்கு இருந்தது. எங்கிருந்து எவ்வளவு எடுத்தோம்னு காகிதம் இருந்தது. கிழக்குக் கரைப் பாதையும் 1950-களின் ஆரம்பத்துல முழுசா ஓட ஆரம்பிச்சுடுச்சு, கிட்டத்தட்ட நம்ம போடி பாதை திரும்பி வந்த அதே காலம்.

ஆட்களுக்குக் கணக்கு இல்ல. காஞ்சனபுரி ராணுவக் கல்லறையில ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசையா இடம் இருக்கு, பேரும் படைப்பிரிவும் பொறிச்ச பட்டயம் இருக்கு, புல்லை வெட்டிப் பராமரிக்க ஆணையம் இருக்கு. அதே ஊர்ல தாவோர்ன் வராராம் விகாரையில மொத்தமாப் புதைக்கப்பட்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு பேர்ப் பட்டியல் கிடையாது. 1957-ல் வந்த குவாய் பாலம் படத்தைத்தான் உலகம் பார்த்துச்சு. படம் எடுத்தது இலங்கையில, ஆனா கதையில தமிழன் இல்ல. தமிழ்ல இதை எழுதி வச்சவர் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம், நாவலோட பேரு 'சயாம் மரண ரயில்'. நஷ்டஈடு கேட்டு மலேசியக் குடும்பங்கள் இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க.

நம்ம ஊர் விஷயத்தோட முடிச்சுக்கறேன். ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பையில 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க தமிழி எழுத்துல நடுகற்கள் கண்டுபிடிச்சாங்க. 2,000 வருஷத்துக்கு மேல பழசு. ஒரு கல்லுல, கூடலூர்ல மாடு பிடிச்ச சண்டையில செத்துப்போன ஒரு ஆளோட பேர் இருக்கு: தீயன் அந்தவன். அது நம்ம கம்பம் பக்கத்துக் கூடலூரா இருக்கலாம்னு சொல்றாங்க. மாட்டுக்காகச் செத்த ஒருத்தர் பேரை அந்தக் காலத்துலயே கல்லுல வெட்டி வச்ச ஊர் இது. எண்பது வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்க பேர் நம்மகிட்ட இல்ல.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல, தெருவுல, "மலாயாவுக்குப் போனாரு, திரும்பி வரல"ன்னு யாரைப் பத்தியாவது பேச்சு இருந்தா, வயசானவங்ககிட்ட இப்பவே உட்கார்ந்து கேளுங்க. பேர், அப்பா பேர், எந்த ஊர், எந்தத் தோட்டம். ஒரு நோட்டுல எழுதி வைங்க. நாலு வரி போதும்.

அடுத்த எபிசோட்ல பேசுவோம்.