தள ஒலிபெருக்கியின் வரலாறும் இல்லத்தில் அதனைப் பேணும் முறையும்

இசைத்தட்டிற் பதிந்த நாதத்தை மீட்டுத் தரும் கருவிகளின் வரிசையில் இறுதியில் நிற்பது ஒலிபெருக்கி. ஏனைய உறுப்புக்கள் எத்துணைச் செம்மையுடையனவாயினும், செவிக்கு எட்டுவது ஒலிபெருக்கி தருவதேயாம். இக்கருவியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கடதாசிக் கூம்பும் கம்பிச்சுருளும் கொண்ட ஒலிபெருக்கியின் வரலாற்றையே கூறுவர். அமெரிக்க ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அதற்கு அடிகோலிற்று. ஆயின், அவருள் ஒருவரான கெலொக் 1934இல் முற்றிலும் வேறானதொரு நெறிக்கும் ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றார் என்பதைப் பலர் அறியார். கூம்புமின்றிச் சுருளுமின்றி, தட்டையான படலமொன்றை நிலைமின் விசையால் அதிரச் செய்யும் நெறியே அது.

இந்நெறியின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். துளைகளிட்ட இரு தட்டுக்களுக்கிடையே மெல்லிய படலம் இழுத்துக் கட்டப்படும். படலத்துக்கு உயர்ந்த மின்னழுத்தத்தில் ஏற்றம் ஊட்டப்படும். இசைக்கேற்ப மாறும் மின்னழுத்தம் இரு தட்டுக்களுக்கும் எதிரெதிராகச் செல்லும். ஒரு தட்டு படலத்தை இழுக்கும்போது மற்றையது தள்ளும். கூம்பிலே விசை நடுவிலுள்ள சுருளிற் பிறந்து விளிம்பு வரை பரவவேண்டும். பரவும் வழியிற் கடதாசி வளைந்து தன் குரலையும் இசையோடு கலந்துவிடும். படலத்திலோ விசை பரப்பெங்கும் ஒருங்கே தாக்குகிறது. படலம் மிக இலேசானதாகலின், விசை தொடங்கத் தொடங்கி, விசை நிற்க நிற்கிறது.

இத்துணை எளிய நெறி கால் நூற்றாண்டளவும் இல்லங்களை அடையாமைக்குக் காரணங்கள் உள. மெல்லியதும் உறுதியானதுமான பிளாஸ்ரிக் படலங்கள் இரண்டாம் உலகப் போரின் பின்னரே எளிதிற் கிடைக்கலாயின. மேலும், படலம் அசையும்போது அதன்மீதுள்ள ஏற்றம் கூடியும் குறைந்தும் நகருமாயின் ஒலி திரியும். படலத்தின்மேல் மிக உயர்ந்த தடையுடைய பூச்சொன்றைப் பூசி, ஏற்றம் அசையாது நிற்கச் செய்தால், படலம் எவ்விடத்திலிருப்பினும் விசை இசைச் சைகைக்கு நேர் விகிதத்திலமையும். ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹன்ற் 1954இல் வெளியிட்ட நூல் இவ்வுண்மையைக் கணித முறையில் தெளிவாக்கிற்று. இங்கிலாந்தில் பீற்றர் வோக்கரும், 1947இல் வெளிவந்த விரியலாக்கி அமைப்பாற் புகழ்பெற்ற டி. ரி. என். வில்லியம்சனும் இவ்வழியிலேயே உழைத்தனர். வோக்கர் தம் ஆய்வினை 1955இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழிற் கட்டுரைத் தொடராக வெளியிட்டார்.

வோக்கர் 1936இல் இலண்டனில் ஒரு சிறு தொழிலகத்தைத் தொடங்கியவர். போர்க்காலத்தில், 1941இல், அது ஹன்ரிங்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. குவாட் என்னும் பெயரால் உலகறிந்த அந்நிறுவனம் 1957இல் விற்பனைக்கு விட்ட நிலைமின் ஒலிபெருக்கியே இக்கட்டுரையின் நாயகன். இரண்டரை அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. முன்னே வெண்கல நிறத்து உலோகத் துளைத்தகடு. கீழே குறுகிய மரக்கால்கள். குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் மின்கருவியென இதனை மயங்கியோர் பலர். உள்ளே, இரு மருங்கும் தாழ்ந்த சுரங்களுக்குரிய பலகங்கள் இரண்டும், நடுவில் உயர்ந்த சுரங்களுக்குரிய ஒடுங்கிய பலகம் ஒன்றும் உள. முன்னவற்றுக்கு 6,000 உவோற்றும் பின்னதற்கு 1,500 உவோற்றும் ஊட்டப்படுகின்றன.

இங்கே வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இக்கருவி பிறந்தபோது இல்லங்களில் ஒருவழி ஒலியே வழங்கிற்று. வீட்டுக்கு ஓர் ஒலிபெருக்கி என்பதே அக்கால வழக்கு. இருவழி இசைத்தட்டுக்கள் 1958ஆம் ஆண்டளவிலேயே சந்தைக்கு வந்தன. ஆகவே இரண்டு கருவிகளை இணையாக வைத்துக் கேட்கும் முறை, ஆக்கியோன் வகுத்தளித்த விதியாகவன்றி, வைத்திருந்தோர் தத்தம் அறைகளிற் கண்டுகொண்ட அனுபவமாகவே வளர்ந்தது. கருவியின் இரண்டாம் வரலாறு என இதனைக் கூறலாம். முதல் வரலாறு தொழிலகத்தில் நிகழ்ந்தது. இரண்டாவது வரவேற்பறைகளில் இன்றும் நிகழ்கின்றது.

அவ்வனுபவத்தின் சாரம் பெரும்பாலும் வைக்கும் இடத்தைப் பற்றியது. கூம்பு ஒலிபெருக்கி பெட்டிக்குள் அடைபட்டிருப்பது; தள ஒலிபெருக்கிக்குப் பெட்டியில்லை. முன்னே செல்லும் அதே ஒலி, தலைகீழான அலையாகப் பின்னேயும் செல்கிறது. கருவியைச் சுவரோடு ஒட்டி வைத்தால், பின்னலை உடனே திரும்பி முன்னலையோடு மோதி, சில சுரங்களை அழித்துச் சிலவற்றை மிகைப்படுத்தும். சுவருக்கும் கருவிக்கும் இடையே மூன்றடியேனும் விடுதல் நன்று. ஐந்தடி கிடைக்குமாயின் இன்னும் நன்று. பக்கங்களில் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், பக்கச் சுவர்கள் கூம்பு ஒலிபெருக்கிக்குத் தரும் தொல்லையை இதற்குத் தருவதில்லை. மிகத் தாழ்ந்த சுரங்கள் குன்றுவதும் இவ்வழிவினாலேயே. இதனைக் குறையென்பார் பலர்; பெட்டியின் முழக்கத்தைத் தாழ்சுரமென்று பழகிய செவிக்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. உயர்சுரப் பலகம் ஒலியை ஒடுங்கிய கற்றையாகச் செலுத்துவதால், இரு கருவிகளையும் கேட்போனை நோக்கிச் சற்றே திருப்பி வைக்க வேண்டும். குறுங்காலில் பின்சாய்ந்து நிற்கும் கருவியை ஏறக்குறைய ஓரடி உயர்த்தி, நிமிர்த்தி வைத்தால், நாற்காலியில் அமர்ந்தோன் செவிக்குப் பலகத்தின் நடு நேராக வரும். பணச்செலவு மிகக் குறைந்ததும் பயன் மிகக் கூடியதுமான சீர்திருத்தம் இதுவே.

காலம் செய்யும் கேடு வேறு. படலத்தின் பூச்சு நாளடைவில் தன் இயல்பை இழக்கும். மின்னழுத்தத்தைப் படிப்படியாகப் பெருக்கும் சீராக்கிப் பகுதி தளரும். ஏற்றமுள்ள படலம் தூசியைத் தன்பால் இழுக்கும் இயல்பினது. தூசியைத் தடுக்கும் வெளியுறை கிழிந்தால் பலகத்துக்குள் அழுக்கேறும். ஈரக்காற்றில் ஏற்றம் கசியும். விளைவு யாதெனின், ஒரு கருவி மற்றையதிலும் மெலிந்து ஒலிக்க, நடுவில் நிற்கவேண்டிய பாடகர் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பார். இருளிற் பார்த்தால் சில வேளை நீலப் பொறி தெரியும். மெல்லிய வெடிப்பொலியும் கேட்கும். இவற்றைத் திருத்தப் புகுவோர் ஆறாயிரம் உவோற்று விளையாட்டன்று என்பதை உணர்தல் வேண்டும். மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் ஏற்றம் எஞ்சியிருக்கும். சாதாரண அளவுமானியைத் தொடுத்தால், மானி தானே ஓட்டத்தை உறிஞ்சிப் பொய்யளவு காட்டும். மிக உயர்ந்த தடையுடைய தனி மானி வேண்டும். தேர்ந்த கைகளிடம் ஒப்படைத்தலே தக்கது.

இனி, மேம்படுத்துதல் என்னும் பொருளுக்கு வருவோம். குவாட் கருவியோடு துணைசெல்ல அக்காலத்தில் அமைந்தது 15 உவாற்று வலுவுள்ள வால்வு விரியலாக்கி. திரான்சிற்றர்க் காலம் வந்து, வலுவான விரியலாக்கிகள் மலிந்தபோது, அவற்றை இணைத்து ஒலியைக் கூட்டியோர் உயர்சுரப் பலகத்தைப் பொசுக்கினர். அதே குவாட் நிறுவனம் 1975இல் வெளியிட்ட 405 விரியலாக்கிக்கும் மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும் அமைப்பொன்று வேண்டியதாயிற்று. மேலும், உயர்ந்த மீடிறன்களில் இக்கருவியின் தடங்கல் இரண்டு ஓமளவுக்கு வீழும். அதைத் தாங்காது தடுமாறும் விரியலாக்கிகளும் உள. பொறி எழாமுன் மின்னழுத்தத்தைத் தடுக்கும் காப்புச் சுற்றைப் பொருத்துதல் யான் முழுமனத்துடன் ஏற்கும் மேம்பாடாகும். அது ஒலியின் இயல்பை மாற்றாது கருவியின் ஆயுளை நீட்டுகிறது.

ஒன்றன்மேலொன்றாக இரண்டிரண்டு கருவிகளை அடுக்கிக் கேட்கும் வழக்கமும் எழுந்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கரான மார்க் லெவின்சன் அமைத்த தொகுதியில் பக்கத்துக்கு இரண்டு குவாட் கருவிகளும், தாழ்சுரத்துக்கு 24 அங்குல ஹாட்லிக் கூம்பும், உயர்சுரத்துக்கு டெக்கா நாடா ஒலிபெருக்கியும் சேர்ந்தன. வலுவும் விரிவும் கூடின என்பதை மறுக்கவியலாது. எனினும் பெட்டியிலடைத்த தாழ்சுரக் கூம்பு நாற்றிசையும் ஒலி பரப்ப, படலம் இருதிசை மட்டும் பரப்புவதால், இரண்டையும் ஒரே அறையில் ஒட்ட வைத்தல் எளிதன்று. பொறுமையோடு முயன்று வென்றோர் உளர். மூலத்தின் ஒருமையைக் கெடுத்துவிட்டு அதனை முன்னேற்றமென்று கொண்டோர் அவரினும் பலர். முன் துளைத்தகட்டைக் கழற்றித் துணி போர்த்துவோரும், உயர்சுரப் பலகத்தின் பின்னுள்ள கம்பளத் துண்டை நீக்குவோரும் உளர். முன்னது உயிர்க்கு இடர். பின்னது வோக்கர் செவியாலும் அளவாலும் நிறுத்திய சமநிலையைக் குலைப்பது.

நிலைமின்னை விட்டு வேறு வழி சென்ற தள ஒலிபெருக்கியும் ஒன்றுண்டு. ஆர்தர் ஜான்சென் அமைத்த கே.எல்.எச். நிறுவன நிலைமின் ஒலிபெருக்கியை வீட்டில் வைத்துக் கேட்டுவந்த பொறியியலாளர் ஜிம் வைனி, 1969இல் மினசோற்றா மாநிலத்தில் மக்னெபன் நிறுவனத்தை நிறுவினார். படலத்தில் மெல்லிய கம்பிகளை ஒட்டி, காந்த வரிசைக்கு முன்னே நிறுத்தினார். உயர் மின்னழுத்தம் தேவையற்றுப் போயிற்று. அதன் முதுமை நோய் பசை விடுதல். கம்பி படலத்தைவிட்டு எழும்பி இரையும். பசையை நீக்கி மீள ஒட்டும் பணி நெடிதெனினும் அஞ்சத்தக்கதன்று.

பழைய ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போன் முதலிற் செய்வது சிதைந்த பாடத்தை மீட்பதே. தன் கவியைச் சேர்ப்பதன்று. தள ஒலிபெருக்கிக்கும் இம்முறையே பொருந்தும் என்பது எம் துணிபு. தளர்ந்த சீராக்கியைத் துளைத்தகட்டின் குற்றமென்றும், சுவரருகில் வைத்ததைப் படலத்தின் குற்றமென்றும் மயங்கி, உறுப்புக்களை மாற்றத் தொடங்கினால், ஆக்கியோன் எதனைச் செய்தான் என்பதை அறியும் வாயிலே அடைபட்டுவிடும். வோக்கர் தம் படைப்பின் எல்லைகளை அறியாதவரல்லர். ஒடுங்கிய உயர்சுரக் கற்றையைத் திருத்த 1963இல் தொடங்கிய முயற்சி, வட்ட வட்டமாகப் பிரித்த தட்டுக்களுக்குச் சைகையைச் சிறிது சிறிதாகத் தாமதித்துச் செலுத்தும் புதிய கருவியாக 1981இலேயே நிறைவெய்தியது. பழைய கருவியையோ அவர் 1985 வரை ஆக்கிக்கொண்டேயிருந்தார். 50,000க்கு மேற்பட்டவை விற்பனையாயின. வோக்கர் 2003இல் மறைந்தார்.

எஞ்சியவற்றுள் முதற் பலகங்கள் மாறாதிருப்பன ஆண்டுதோறும் அருகி வருகின்றன. ஆதலின் இவற்றுள் ஓரிணையைப் பெறுவோர், எதனைத் திறக்கு முன்னும் தொடர் எண்ணைக் குறித்துக்கொள்க. உள்ளமைப்பை நிழற்படம் எடுக்க. கழற்றிய உறுப்புப் பழுதுற்றதாயினும் எறிந்துவிடாது, கழற்றிய நாளையும் காரணத்தையும் எழுதிக் கட்டி, கருவியோடு வைத்திருக்க.