பலாச்சுளையும் படிக்கணக்கும்

கொல்லிமலைப் பலா நாமக்கல் சந்தைக்கு வந்திறங்கும் பருவத்தில் நமக்குக் காரி நாயனாரின் கணக்கதிகாரம் நினைவுக்கு வரும். பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிய அந்நூல் ஒரு வழி கூறுகிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். விடை சரிதானா என்று காணப் பழத்தை அறுத்தே ஆகவேண்டும். விதியைச் சோதித்துப் பார்க்கும் ஆவலைப் பிள்ளைகளிடம் எழுப்ப இதனினும் இனிய கணக்கு ஏது?

திண்ணைப் பள்ளிகளின் கணக்குக் கல்வியை வெறும் மனப்பாடம் என்று எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். 320இல் ஒரு பங்கான முந்திரியும், 80இல் ஒரு பங்கான காணியும், 20இல் ஒரு பங்கான மாவும் எண்சுவடி வழியே சிறுவர் நாவில் ஏறின என்பது உண்மையே. ஆயினும் அவை களத்துமேட்டிலும் கடைவீதியிலும் எழும் கணக்குகளுக்கான கருவிகள்.

ஒரு கலம் நெல்லை எட்டுப் பேருக்குப் பங்கிட வேண்டும் எனக் கொள்வோம். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, குறுணிக்கு எட்டுப் படி என்றறிந்த சிறுவன் 96 படியை எட்டால் வகுக்கலாம். அன்றிக் கலத்தை மும்முறை பாதியாக்கி, ஆறு குறுணி, மூன்று குறுணி, ஒன்றரைக் குறுணி என இறங்கியும் வரலாம். இரு வழிகளும் பன்னிரண்டு படியில் கூடுவதைக் கண்டவனுக்கு வகுத்தல் விளங்கிவிடும்.

இக்கல்வி எல்லோருக்கும் எட்டியதா? 1792இல் சேலமும் பாராமகாலும் கும்பினியார் வசமானபோது, அலெக்சாண்டர் ரீடின் கீழ் இங்கு நிலம் அளந்து தீர்வை விதித்தவர்களுள் தாமஸ் மன்றோவும் ஒருவர். பின்னர் சென்னை ஆளுநரான அவர், 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். பள்ளிகளும் உயர்கல்விச் சாலைகளுமாக 12,498. மாணாக்கர் 1,88,650 பேர். அவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. நெல்லைத் தூற்றிக் கூலியைப் படியால் அளந்து வாங்கிய பெண்களுக்கு அக்கணக்கு அன்றாட வாழ்வு. கற்பிக்கும் திண்ணைதான் இல்லை.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவை வந்தபின் கலமும் குறுணியும் பாடத்தைவிட்டு அகன்றன. அது பேரிழப்பன்று, கணக்கு வாழ்வைவிட்டு அகல்வதே இழப்பு. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஆடல் பாடல், செயல்பாடுகள் வழியே தொடக்க வகுப்புகளில் எண்ணறிவை வளர்க்க முனைகிறது. அதற்கான பொருளை நாமக்கல் கோழிப்பண்ணைகளே தரும். அட்டைக்கு 30 முட்டை. சத்துணவுக்கு 100 பிள்ளைகள். எத்தனை அட்டை வேண்டும்? ஈவு மூன்று, மீதி பத்து என்று வாய்பாடு சொல்லும். நான்காவது அட்டையையும் கேட்டு வாங்கி, மிஞ்சும் 20 முட்டைகளை என்ன செய்வது என்று வினவும் சிறுமிக்கே கணக்கு வந்திருக்கிறது.