ராமசாமி பரமேஸ்வரன்

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் (13 செப்டம்பர் 1946 – 25 நவம்பர் 1987), யாழ்ப்பாணக் குடாநாட்டின் கந்தரோடையில் நடந்த சண்டையில் உயிர்நீத்த இந்தியத் தரைப்படை அதிகாரி. மறைவுக்குப் பின் இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ரா இவருக்கு வழங்கப்பட்டது. இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படையில் இவ்விருதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

வாழ்க்கை

மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று அறிவியலில் பட்டம் பெற்றார். சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி முடித்து, 1972 சூனில் மகர் ரெஜிமென்டின் 15-ஆம் பட்டாலியனில் சேர்ந்தார். இலங்கைக்கு வந்தது 8-ஆம் பட்டாலியனுடன்.

போர்ச் சூழல்

1987 சூலை 29-இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி அமைதிப்படை வடக்கு, கிழக்கில் இறங்கியது. அக்டோபரில் அப்படைக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற நடந்த சண்டைகளில் பொதுமக்கள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தனர். அக்டோபர் 21-இல் அமைதிப்படை யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மருத்துவர்கள், தாதியர், நோயாளர்கள் எனப் பலர் கொல்லப்பட்டது அவற்றுள் ஆறாத வடு.

கந்தரோடைச் சண்டை

கந்தரோடை சுன்னாகத்தை அடுத்த ஊர். அங்கே ஆயுதங்கள் இறக்கப்பட்டதாகக் கிடைத்த தகவலின் பேரில் நவம்பர் 24-இல் தேடுதல் தொடங்கியது. முதலில் சென்ற அணி தாக்கப்படவே, பரமேஸ்வரன் தம் வீரர்களுடன் அங்கு விரைந்தார். தேடுதலை முடித்துத் திரும்பும் வழியில் இவரது அணியைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினர். நேர் எதிரே மோதினால் வீரர்கள் மடிவர் என்று கணித்த பரமேஸ்வரன், சிலரை அழைத்துக்கொண்டு தென்னைகளின் மறைவில் சுற்றிச் சென்று, தாக்கியவர்களைப் பின்புறத்திலிருந்து மடக்கினார். கைகலப்பில் ஒருவர் சுட்ட குண்டு இவரது மார்பில் பாய்ந்தது. அந்நிலையிலும் சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தினார். தம் மூச்சு அடங்கும்வரை வீரர்களுக்குக் கட்டளையிட்டு வழிநடத்தினார். புலிகள் ஐவர் கொல்லப்பட்டதாகவும் மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் செலுத்திகளும் கைப்பற்றப்பட்டதாகவும் விருதுக் குறிப்பு கூறுகிறது.

நினைவு

விருது 1988 சனவரி 26-இல் அறிவிக்கப்பட்டது. மகர் ரெஜிமென்டுக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா இது. சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாதமியின் அணிவகுப்புத் திடலும், 2023 முதல் அந்தமான்–நிக்கோபாரில் ஒரு தீவும் இவர் பெயர் தாங்கியுள்ளன. அமைதிப்படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையில் மாண்டனர். பலாலியில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் உள்ளது.

கந்தரோடையில் தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் தமிழ் மண்ணில், தமிழ் இளைஞர்களோடு பொருதி வீழ்ந்தார். தம் வீரர்களைக் காக்கத் தாமே முன்சென்ற அவரது துணிவு போற்றுதற்குரியது. அந்தப் போரில் மாண்ட எளிய மக்களின் துயரும் அதனுடன் சேர்த்தே நினைக்கப்பட வேண்டியது.