ஈர்க்குச்சியும் நுண்ணோக்கியும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இன்று பயணம் செய்வோர் காண்பவை பெரும்பாலும் தொழிற்சாலைகளின் மதில்களே. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு மற்றொரு பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களை ஒட்டி இப்போது வாடகை அறைகள் வரிசையாக நிற்கின்றன. தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற தொலை மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஓர் அறையில் பலராகத் தங்கி, முறை மாற்றி உறங்கி, முறை மாற்றி வேலைக்குச் செல்கின்றனர். காற்றோட்டம் குறைந்த அறையில் ஒருவர் வாரக்கணக்கில் இருமினால், அவ்விருமல் அவர் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை.

அப்படி இருமுகிறவர் ஒரு நாள் விடுப்பெடுத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், மருத்துவர் அவரிடம் சிறிய குப்பி ஒன்றைக் கொடுத்துச் சளி கொண்டுவரச் சொல்வார். அந்தக் குப்பி போய்ச் சேரும் அறையைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். மேசை ஒன்று, நுண்ணோக்கி ஒன்று, சாராய விளக்கு, சாயப் புட்டிகள், துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிகள். வேறு ஆடம்பரம் எதுவும் அங்கில்லை. மருத்துவரை நாம் அறிவோம். செவிலியரை 'சிஸ்டர்' என்றழைத்து நன்றி கூறுவோம். சன்னல் வழியே சீட்டை நீட்டும் ஆய்வுக்கூட நுட்பனரின் முகத்தை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

காசநோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டறிந்ததை இராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்த நாள் 1882 மார்ச் 24. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஜெர்மானியர்களான சீல், நீல்சன் ஆகிய இருவரும் அக்கிருமியைச் சிவப்பாகச் சாயமேற்றிக் காட்டும் முறையைச் சீர்செய்தனர். ஆயினும் கிருமியைக் கண்டவர்களின் கையில் அதைக் கொல்லும் மருந்து இல்லை. நம் இல்லங்களில் 'சிறுமலர்' என்று வணங்கப்படும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா, 1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் முதன்முறையாக இரத்தம் கக்கினார். 1897 செப்டம்பர் 30 அன்று, தம் 24-ஆம் வயதில் இறந்தார். கோக்கின் அறிவிப்புக்குப் பின் 15 ஆண்டுகள் கடந்திருந்தன. முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினுக்கு 1940-களின் நடுப்பகுதி வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சீலும் நீல்சனும் விட்டுச்சென்ற முறையைக் கற்பது எளிது என்றே எவருக்கும் முதலில் தோன்றும். நோயாளி கொண்டுவந்தது சளியா, வெறும் உமிழ்நீரா என்று பார்த்தறிவதே முதற்பாடம். உமிழ்நீரில் கிருமியைத் தேடுவது வற்றிய கிணற்றில் பாதாளக்கரண்டி போடுவதற்கு ஒப்பாகும். ஈர்க்குச்சியை ஒடித்து, அதன் பிசிறான நுனியால் சளியின் மஞ்சள் நிறக் கட்டியான பகுதியை எடுக்கவேண்டும். கண்ணாடித் தகட்டின் நடுவில் 3 சென்டிமீட்டர் நீளத்துக்கும் 2 சென்டிமீட்டர் அகலத்துக்கும் சுருள் சுருளாகப் பூசவேண்டும். பூச்சு தடித்தால் ஒன்றன்மேல் ஒன்று மறையும். மெலிந்தால் கழுவும்போது கரைந்தோடும். பூச்சு உலர்ந்தபின் தகட்டைச் செய்தித்தாளின்மீது பிடித்தால், அடியிலுள்ள எழுத்து மங்கலாகப் படிக்க வரவேண்டும். அதுவே சரியான பதம். சமையற்கட்டில் பாகு பதம் பார்ப்பதைப் போன்ற அறிவு இது. ஏட்டிலிருந்து கைக்கு வராது.

பிறகு தகட்டைச் சுடரில் காட்டிப் பூச்சை நிலைநிறுத்தி, கார்பால் ஃபுக்ஸின் என்ற செஞ்சாயத்தை ஊற்றி, ஆவி எழும் வரை அடியிலிருந்து சூடேற்றுவர். ஆவி எழலாம், கொதிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்துக் கழுவி, 25 விழுக்காட்டுக் கந்தக அமிலத்தை ஊற்றினால் ஏனையவை யாவும் நிறமிழக்கும். மெழுகுக் கவசமணிந்த காசநோய்க் கிருமி மட்டும் ஏற்ற சிவப்பை விடாது. கடைசியில் மெத்திலின் நீலம். நீலப் பின்னணியில் சிவந்த மெல்லிய கோல்கள் தென்பட்டால், அங்கே நோய் உண்டு.

தென்படாவிட்டால்? கடினமான பாடம் அங்குதான் தொடங்குகிறது. கிருமி இல்லை என்று எழுதுமுன் குறைந்தது 100 பார்வைப் புலங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கவேண்டும் என்பது விதி. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் ஒன்றிரண்டேனும் அகப்படும். ஆகவே இருபதாம் புலத்தில் எழுந்துவிடுகிறவர் எண்பதாம் புலத்தில் இருந்ததைக் காணமாட்டார். அவர் எழுந்துவிட்டதை யாரும் அறியவும் மாட்டார்கள். நூறையும் பார்த்தெழுதிய 'இல்லை'யும், பாராமல் எழுதிய 'இல்லை'யும் சீட்டில் ஒரே மாதிரித்தான் இருக்கும். எண்ணெய்ச் சொட்டு விடும் குழலின் முனை தகட்டைத் தொடலாகாது என்பதும் ஒரு விதி. தொட்டால் ஒருவரின் கிருமி மற்றவரின் தகட்டுக்குப் போய், நோயற்றவர் ஒருவர் மாதக்கணக்கில் மருந்துண்ண நேரும்.

இக்கைப்பணி மருத்துவ வரலாற்றையே திருப்பிய நிகழ்ச்சிகள் நம் ஊர்ப்பக்கமே நடந்தன. அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். ஒரகடத்துக்குக் கிழக்கே, தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சவுரிமுத்து நிறுவிய மருத்துவமனையின் பெயரே இன்றும் அங்குள்ள இரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு. ஏழைக்கு இம்மூன்றும் எட்டாக்கனி. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்திலும், மறு பாதியினர் தத்தம் குடிசைகளிலும் அதே மருந்துகளைப் பெற்றனர். ஓராண்டு கடந்தபின் இரு சாராரிடமும் குணமடைந்தோர் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959-இல் வெளியான இம்முடிவுக்குப் பிறகு, உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன. மாதந்தோறும் வந்த சளியைச் சாயமேற்றியும், முட்டை கலந்த ஊட்டத்தில் வாரக்கணக்கில் வளர்த்தும் பார்த்தவர்களின் ஏடுகளே அம்முடிவுக்குச் சான்று.

பெங்களூரில் 1959-இல் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. தும்கூர் மாவட்டத்தில் பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் நடத்தி 1963-இல் வெளியிட்ட ஆய்வு, நோய்க்குறி உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே மருத்துவ உதவி நாடிச் சென்றிருந்தனர் என்று காட்டியது. அவர்களை இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். சிற்றூர் மக்கள் அறியாமையால் வாளாவிருக்கின்றனர் என்று பேசிக்கொண்டிருந்த கற்றோர் அன்று வெட்கியிருக்க வேண்டும். குறை வந்தவரிடத்தில் இல்லை. வந்தவரின் சளியைப் பார்க்கக் கற்ற கண் அங்கில்லாததே குறை.

நாம் அதிகம் நின்று பார்க்க விரும்புவது அதற்குப் பின் நடந்ததை. கிண்டியில் 1948 முதல் பி.சி.ஜி. தடுப்பூசி தயாராகி வந்தது. நாடெங்கும் குழந்தைகளுக்கு அது போடப்பட்டபோது, இராஜாஜி 1955-இல் அதை எதிர்த்து நூலே எழுதினார். தடுப்பூசி பயன் தருகிறதா என்பதை ஐயமற அறிய 1968-இல், திருவள்ளூரைச் சுற்றிய சிற்றூர்களில் மாபெரும் சோதனை தொடங்கியது. திருவள்ளூரும் ஸ்ரீபெரும்புதூரும் அப்போது ஒரே செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தன. 1997-இல்தான் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, சுமார் 2,60,000 பேரைச் சோதனையில் சேர்த்தனர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு அதைப் போன்ற வெறும் ஊசி. எவருக்கு எது என்பதை ஊசி பெற்றவரும் அறியார், பின்னாளில் அவர் சளியை நுண்ணோக்கியில் பார்த்தவரும் அறியார்.

இங்கும் கற்கவேண்டிய கைப்பணிகள் பல. முன்கையில் டியூபர்குலின் போட்டு, மூன்றாம் நாள் வந்து, தோலின் தடிப்பை விரல் நுனியால் தடவி, அதன் எல்லையை மில்லிமீட்டரில் அளக்கவேண்டும். சிவப்பைக் கணக்கில் கொள்ளக்கூடாது, தடிப்பை மட்டுமே. கண் சிவப்பின் பின்னால் ஓடும். விரலை நம்பக் கற்பதற்கு நாளாகும். மார்புப் படத்தில் ஐயம் தோன்றியவர்களிடம் சளி வாங்கி, சாயமேற்றியும் வளர்த்தும் பார்த்தனர். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே ஊர்கள், அதே வீடுகள்.

முடிவு 1979-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியானது. நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. எப்பயனையும் காட்டவில்லை. எவரும் விரும்பாத முடிவு அது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபின் 1999-இல் வெளியான அறிக்கையும் பெரியவர்களைப் பொறுத்தவரை அதையே உறுதி செய்தது. (இதைப் படித்து எந்தத் தாயும் அஞ்சவேண்டாம். பச்சிளங்குழந்தைகளை மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் தெளிவாகியிருப்பதால், பிறந்தவுடன் அது இன்றும் போடப்படுகிறது. செங்கல்பட்டுச் சோதனை அக்கேள்விக்கு விடை சொல்லும் வகையில் அமைந்ததன்று.)

இத்தகைய முடிவு வந்தால் அறிஞருலகின் முதல் ஐயம் எங்கே போகும்? சளி பார்த்தவர்கள்மீதே போகும். ஆய்வுக்கூடத்தில் கவனக்குறைவு மிகுந்தால் இரு குழுவிலும் தவறான கணக்குகள் கலந்து, உண்மையாக இருந்த வேறுபாடும் மங்கிவிடும். அவர்கள் சோம்பியிருந்தால் தடுப்பூசியைப் பழித்தவர்கள் ஆவார்கள். சோம்பாதிருந்தால் உலகத்துக்கு ஓர் உண்மையைச் சொன்னவர்கள் ஆவார்கள். இரண்டுக்கும் இடையே நின்றது எண்பதாம் புலத்தையும் தொண்ணூறாம் புலத்தையும் பார்த்த கண்களின் நேர்மை ஒன்றே. தலைவர்களின் பெயர்கள் கட்டுரைகளில் உண்டு. வெயிலில் சளிக் குப்பிகளைச் சுமந்தவர்கள், தகடுகளை அமிலத்தில் கழுவிய கைகள், முன்கையை நீட்டிய குடியானவர்கள் ஆகியோரின் பெயர்களை எங்கே தேடுவது?

பிறவிக் குருடருக்குப் பார்வையளித்த நம் ஆண்டவர் தரையில் உமிழ்ந்து, உமிழ்நீரால் சேறுண்டாக்கி அவர் கண்களில் பூசினார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. மறையுரைகளில் அச்சேற்றைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறோம். உமிழ்நீரைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. பிறர் உமிழ்ந்ததைத் தொடுவது நம் சமூகத்தில் யார் தலையில் விழுந்த வேலையாக இருந்தது என்பதை நாம் அறிவோம். ஒருவேளை அதனால்தான் பேசுவதில்லை போலும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் 1999 முதல், ஊழியர் ஒருவர் கண்முன் மருந்துண்ணும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2006-க்குள் அது நாடு முழுவதும் பரவியது. இலட்சம் மக்களுக்கு ஒரு நுண்ணோக்கி நிலையம் என்பது கணக்கு. இன்று கிருமியின் மரபணுவையே இரண்டு மணி நேரத்திற்குள் கண்டு சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. மருந்துக்கு அடங்காத கிருமியையும் அவை காட்டிக்கொடுக்கின்றன. ஆனால் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க நுண்ணோக்கியையே இன்னும் நாடுகின்றனர். இறந்த கிருமியின் மரபணுவையும் கருவி எண்ணிவிடும் என்பது அதற்கொரு காரணம்.

பார்த்து முடித்த தகடுகளை நுட்பனர் எறிந்துவிடுவதில்லை. எண்ணெயை ஒற்றி எடுத்து, வரிசையாகப் பெட்டியில் அடுக்கி வைக்கிறார். பின்னர் அவற்றில் சிலவற்றை மேற்பார்வையாளர் எடுத்துச் சென்று, முதலில் எழுதப்பட்டது என்னவென்று அறியாத மற்றொருவர் முன் வைக்கிறார். அவர் முன் இருப்பது ஒரு கண்ணாடித் தகடு, அதன் ஓரத்தில் ஓர் எண். நோயாளியின் பெயரும் இல்லை, பார்த்தவரின் பெயரும் இல்லை. அவர் எண்ணெய்ச் சொட்டு விட்டு, முதற் புலத்திலிருந்து தொடங்குகிறார்.